வாசக்காலடியில் இரண்டு செப்புக்காசு

செம்பைப் பற்றி என்னிடம் யாரும் வாதாட முடியாது. திண்டிவனத்தில் இருபத்தாறு வருடமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன். போர் மோட்டார், மோனோபிளாக், கிரைண்டர் என்று எது எரிந்து வந்தாலும், உள்ளே இருக்கும் செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றுவதுதான் என் பிழைப்பு. பிளஸ் டூ வேதியியலில் நான் வாங்கிய மார்க்கை வெளியில் சொல்வதில்லை. விழுப்புரத்தில் ஐடிஐ படித்தபோதும் புத்தகத்தைத் திறந்ததைவிட மூடியதுதான் அதிகம். ஆனால் செம்பு ஏன் கறுக்கிறது, ஏன் பச்சை பூக்கிறது, எதில் போட்டால் வெளுக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், நின்ற இடத்திலேயே பதில் சொல்வேன். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. ஒட்டாவிட்டால் நாலே நாளில் மோட்டார் திரும்பி வரும், கூடவே மோட்டார்க்காரரின் வாயும் வரும். அந்த வாய்க்குப் பயந்து கற்றது எதுவும் எனக்கு மறக்கவில்லை.

கொஞ்சம் கர்வம்தான். இருந்துவிட்டுப் போகட்டும். அந்தக் கர்வம் இல்லாவிட்டால் போன சித்திரையில் அம்மாவுக்காக நான் அந்தக் காரியத்தில் இறங்கியிருக்கவே மாட்டேன்.

அம்மா பிறந்தது கிளியனூரை ஒட்டிய ஒரு கிராமம். அம்மாவின் அப்பா அங்கே மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் கேப்பையும் போட்டுப் பிழைத்தவர். தச்சர் இல்லை. ஆனாலும் தன் வீட்டு வாசக்காலை வேப்பமரத்தில் தானே இழைத்து, தானே நட்டார் என்று ஊரே சொல்லும். நட்ட ஒரு மாதத்துக்குள், கூரை ஏறுவதற்கு முன்பே, காய்ச்சலில் போய்விட்டார். மிச்ச வீட்டை அவருடைய அண்ணன் கட்டி முடித்தார். இதுவரைக்கும் யாருக்கும் சந்தேகம் இல்லை, எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்.

அடுத்த வரிதான் அம்மாவின் ஆயுசைத் தின்றது. "பொண்ணு பொறந்துது, அப்பன் பூட்டான்." இது அம்மாவை வளர்த்த பெரியம்மா, அந்த அண்ணனின் பெண்டாட்டி, சொன்னது. அம்மா பிறந்த அதே மாதம் அப்பா செத்தார் என்பது கணக்கு. அப்பனை முழுங்கினவ என்று ஒரு பேர் வந்து ஒட்டிக்கொண்டது. மறுத்துச் சொல்ல ஆள் இல்லை, பெரியப்பா பெண்டாட்டிக்கு எதிர்ப்பேச்சு பேசாதவர், பெற்றவளும் அம்மாவின் நாலாவது வயதில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த ஊர்க் கோயில் மாதா கோயில். அங்கே ஞானஸ்நானப் பதிவு பத்திரமாக இருந்ததால் அம்மா பிறந்த தேதி நாள் கிழமையோடு தெரியும். செத்தவர்களைப் பதியும் பழைய புத்தகத்தைக் கரையான் அரித்துவிட்டது. கல்லறையில் நட்ட மரச் சிலுவையும் மக்கிப்போனது. ஆக, அவர் எப்போது செத்தார் என்பதற்குப் பெரியம்மாவின் வாய் ஒன்றுதான் சாட்சி.

அந்த வாயின் பலன் என்னவென்றால், எந்த நல்ல காரியத்திலும் அம்மா முன்னால் வரமாட்டாள். யாரும் பிடித்துத் தள்ளத் தேவையில்லை, அவளே போய்ப் பின்வரிசையில் நின்றுகொள்வாள். என் கல்யாணத்தன்று கோயிலுக்குப் புறப்படும் முன் பெற்றவள் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்ப வேண்டும். "உங்க அத்த போடட்டும்டா, எங் கை எதுக்கு" என்று அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் பட்டு வேட்டியோடு நின்று கத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. அத்தைதான் போட்டாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தப் பழைய வீட்டில் இப்போது இருப்பது பெரியம்மாவின் மகன். அம்மாவுக்கு மூன்று நாலு வயது இளையவர், எனக்கு மாமா. நல்ல மனுஷன். வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், ஒருநாள் காலையில் போன் செய்தார்.

"மாப்ள, இன்னிக்கி வாசக்கால எடுக்கறோம். அக்காவ இட்டுக்கினு வா. அவங்கப்பா நட்டது, கடைசியா ஒருவாட்டி பாத்துக்கட்டும்."

போனோம். இரண்டு ஆள் கடப்பாரை போட்டு நெம்பினார்கள். வேப்பமரம் ஆயிற்றே, லேசில் அசையவில்லை. அம்மா ஓட்டுக் குவியலுக்குப் பக்கத்தில் தள்ளியே நின்றாள். வாசக்கால் ஒரு வழியாகச் சாய்ந்ததும் இரண்டு காலடிக் குழியையும் மாமா கையால் துழாவினார். வாசக்கால் நடும்போது குழியில் காசு போடுவது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. வசதி உள்ளவர்கள் பொன் போடுவார்கள். எங்கள் தாத்தா குழிக்கு ஒரு செப்புக்காசு போட்டிருந்தார். சுண்டு விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசாக, பச்சையும் கறுப்புமாகப் பொருக்குக் கட்டிய இரண்டு வில்லை.

"தம்பிடிதான் அக்கா, அணாக் காலத்துக் காசு. நீயே வச்சிக்க" என்று மாமா அம்மா கையில் கொடுத்தார். கொடுத்த கையோடு என்னைத் தனியாக அழைத்துப் போனார். "புது வாசக்கால் அடுத்த வாரம் வெள்ளிக்கிழம வைக்கிறோம் மாப்ள. அக்காவும் வரட்டும். ஆனா வைக்கிற நேரத்துல மட்டும் கொஞ்சம் பின்னாடி நின்னுக்கட்டும். வூட்ல சொல்றாங்க, தப்பா நெனச்சிக்காத." நான் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

பாண்டி ரோட்டில் வந்துகொண்டிருக்கும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

"எம்மா, அந்தக் காசுல வருசம் போட்டிருக்கும்."

"இருந்தா?"

"அந்தக் காசு அச்சடிக்கறதுக்கு முன்னாடி அந்த வாசக்கால நட்டிருக்க முடியாது இல்ல? நட்டது உங்கப்பா. அதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. நீ பொறந்ததுக்கு அப்புறம் வந்த காசா இருந்தா, நீ பொறந்தப்புறமும் அவரு உசுரோட இருந்தாருன்னு அர்த்தம்."

பின்னால் உட்கார்ந்திருந்தவள் காசை முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு கேட்டாள்: "அதுக்கு முன்னாடி வந்த காசா இருந்தா?"

"இருந்தா ஒன்னும் தெரியாது. பழைய காச யாரு வேணா எப்ப வேணா போடலாம். இப்ப இருக்கற மாரியே இருக்கும்."

"இப்ப இருக்கற மாரியே" என்று அவளும் சொன்னாள்.

வீட்டு வாசலில் அவளை இறக்கிவிட்டுக் கடைக்குப் போனேன். விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் கெடாரிலிருந்து ஒருவர் போர் மோட்டாரைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, மல்லாட்டை காயுது என்று காத்திருந்தார். விழுப்புரத்தில் எத்தனை காயில் கடை இருக்கிறது, அத்தனையும் தாண்டி என்னிடம் வருகிறார், அவரைத் திருப்பி அனுப்ப முடியுமா? காசைத் தொடாதே என்று அம்மாவிடம் சொல்லாமல் போனது என் புத்தி கெட்டதனம்.

சாயந்தரம் வந்தபோது அம்மா கொல்லைக் குழாயடியில் குந்தியிருந்தாள். உள்ளங்கை செங்கல் நிறத்தில் இருந்தது. பக்கத்தில் புளி, செங்கல் தூள், தேங்காய் நார். திருவிழாவுக்கு முன்னால் செப்புக் குடம் விளக்குகிற சாமான் அத்தனையும் இருந்தது. என்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள். காசு பளபளவென்று மின்னியது. வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் மொட்டை. ஒரு எழுத்து இல்லை.

"இன்னாம்மா பண்ணி வச்சிருக்க! ஒரு நாலு மணி நேரம் பொறுக்க முடியாதா உனக்கு?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

"மொதல்ல ஒரு கோடு மாரி தெரிஞ்சிதுடா" என்றாள். "இன்னும் கொஞ்சம் தேச்சா முழுசா தெரியும்னு நெனச்சேன்."

அறுபது வருடத்துக்கு மேல் பொறுத்தவளைப் பார்த்து நாலு மணி நேரம் பொறுக்க முடியாதா என்று கேட்ட என் வாயை என்ன செய்தால் தகும்? அம்மா கையைக் கழுவிக்கொண்டு முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டாவது காசை எடுத்தாள். "இத நான் தொடல" என்று என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அழுகை வந்தது. குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவிக்கொண்டேன்.

அவள் செய்ததில் பாதி சரி என்பதுதான் கொடுமை. செம்பு காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்தால் மேலே ஒரு கறுப்புப் படலம் வரும். ஈர மண்ணில் உப்பும் கரியமில வாயுவும் சேர்ந்துகொண்டால் அதற்கும் மேலே பச்சை பூக்கும். புளியில் இருப்பது ஒரு மெல்லிய அமிலம். அது பச்சையையும் கறுப்பையும் கரைக்கும், உள்ளே இருக்கும் செம்பை அவ்வளவாகத் தொடாது. அதனால்தான் புளி போட்டதும் குடம் சிவந்து வருகிறது. வேலையைச் செய்வது புளி. நாம்தான் கை வலிக்கத் தேய்த்துவிட்டு நம் கைக்குப் பேர் வாங்கிக்கொள்கிறோம். செங்கல் தூள் செய்வது வேறு வேலை. அது உப்புத்தாள் மாதிரி, எதிரில் இருப்பது அழுக்கா செம்பா என்று பார்க்காது. குடம் தடிமனானது, வருடத்துக்கு ஒரு மயிரிழை போனாலும் தாங்கும். காசில் எழுத்து நிற்பதே மயிரிழை உயரத்தில்தான்.

இதில் இன்னொரு சங்கதியும் இருந்தது. எனக்கே அது அன்று ராத்திரி சாப்பிடும்போதுதான் உறைத்தது. மண்ணில் இத்தனை வருடம் கிடந்த காசில் எழுத்து இருந்த செம்பு அப்படியே இருக்காது, அந்த இடமே கறுப்பாக மாறியிருக்கும். அந்தக் கறுப்பை முழுக்க எடுத்தால் எழுத்தும் கூடவே போய்விடும். பளபளப்பாக்கக் கூடாது. மேலே இருக்கும் பச்சையை மட்டும் விலக்கிவிட்டுக் கறுப்பு தெரிந்ததும் நிறுத்த வேண்டும். செம்பை மின்னவைத்தே பிழைத்தவனுக்கு முதல் தடவையாக மின்னவிடாமல் ஒரு வேலை.

நாலு நாள் அந்தக் காசைப் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் ஊறப் போட்டேன். அதில் உப்பு கிடையாது, அதனால் காசில் ஏறியிருக்கும் மண் உப்பை மெல்ல இழுத்துக்கொள்ளும். தினம் காலையில் தண்ணீரை மாற்றினேன். நடுவில் கடையிலிருந்த பழைய கறுத்த கம்பித் துண்டுகளை வேறுவேறு பதத்தில் கரைத்த புளித் தண்ணீரில் போட்டு, எத்தனை நொடியில் கறுப்பு கரைகிறது என்று போன் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். கெட்டியாகக் கரைத்ததில் சட்டென்று போனது. நீர்க்கக் கரைத்ததில் நிதானமாகப் போனது. நீர்க்கக் கரைப்பதுதான் என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாமாவை வீட்டுக்கு வரச் சொன்னேன். என் அம்மாவுக்கு நானே சாட்சி சொன்னால் யார் ஏற்பார்கள்? அவர் கண்ணால் பார்க்கட்டும். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. ஆனால் எழுந்து போகவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். அம்மா கதவோரம் நின்றாள். வா, உட்கார் என்றேன். வரவில்லை.

மேசையில் மூன்று கண்ணாடி டம்ளர். ஒன்றில் புளித் தண்ணீர், ஒன்றில் ஆப்ப சோடா கரைத்த தண்ணீர், ஒன்றில் வெறும் தண்ணீர். புளியில் பத்து நொடி முக்குவேன். எடுத்துக் காது குடையும் பஞ்சுக் குச்சியால் ஒற்றுவேன். உடனே சோடாத் தண்ணீரில் போடுவேன், அது அமிலத்தை அடக்கிவிடும். இல்லாவிட்டால் வெளியே எடுத்த பிறகும் அமிலம் தன் பாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கும். பிறகு நல்ல தண்ணீரில் கழுவிப் பார்ப்பேன். மறுபடி பத்து நொடி.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "எலுமிச்சம்பழத்த புழிஞ்சி, ஒரு கை உப்பப் போட்டா ஜல்தியா வந்துருமே மாப்ள."

"ஜல்தியா செஞ்சுதான் ஒன்னு பேஜாராயிடுச்சி மாமா. உப்பு போட்டா வேகமாத்தான் போவும். ஆனா அந்த உப்பு உள்ள தங்கிட்டா நாளைக்கே மறுபடி பச்ச பூக்கும். வேலில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள வுட்டுக்கின கதயாயிடும்."

ஆறாவது முறை எடுத்தபோது பச்சை விலகி, கறுப்பில் ஏதோ மேடு தட்டியது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ராஜா தலை இல்லை. சிங்கம். மூன்று சிங்கமும் தெரிந்தது. "பாருங்க மாமா!" என்று துள்ளினேன்.

மாமா நிதானமாகப் பார்த்தார். "சிங்கந்தான். ஆனா சுதந்தரம் வந்து கொஞ்ச வருசத்துலயே சிங்கம் போட்ட காசு வந்துட்டுது மாப்ள. அக்கா அதுக்கப்புறந்தான் பொறந்துச்சி. இத வச்சி ஒன்னும் சொல்ல முடியாதே."

எரிச்சலாக இருந்தது, ஆனால் அவர் சொன்னது நியாயம். காசைத் திருப்பினேன். இந்தப் பக்கத்தில் பொருக்கு இன்னும் தடிப்பாக இருந்தது. ஒரு முக்கு அதிகமானால் மொட்டைதான், மூன்றாவது காசு கிடையாது. கதவோரத்தை நான் பார்க்கவே இல்லை.

இந்த முறை முக்கவில்லை. பஞ்சுக் குச்சியைப் புளித் தண்ணீரில் தொட்டு, ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக வைத்தேன். குச்சி பச்சையாகும், வேறு குச்சி எடுப்பேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. மாமா காபியைக் குடிக்காமல் ஆறவிட்டார். முதலில் நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு வந்தது. கோட்டுக்குத் தலையும் காலும் வந்தது. பெரிய ஒன்று.

"தம்பிடி இல்ல மாமா. நயா பைசா" என்றேன்.

மாமா நாற்காலியைவிட்டு எழுந்து குனிந்தார். அணா போய்ப் புதுப் பைசா வந்தது அம்மா பிறந்ததற்குப் பிறகுதான் என்பது அவருக்கும் தெரியும். "ஒன்னுக்குக் கீழ பாரு, வருசம் இருக்கும்" என்றார். கீழே இரண்டு சொட்டு வைத்து ஒற்றினேன். நாலு எண் எழும்பி நின்றது. சோடாவில் போட்டு, கழுவி, துடைத்து, பூதக்கண்ணாடியோடு அவர் கையிலேயே கொடுத்தேன். நான் படித்தால் ஆகாது, அவர்தான் படிக்க வேண்டும்.

ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படித்தார். கடைசி எண்ணில் நின்றார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு காசை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "அக்கா பொறந்த வருசத்துக்கு அப்புறம் மூணாவது வருசத்துக் காசு."

எப்படிச் சுருக்கிப் பார்த்தாலும் வாசக்கால் நட்ட அன்று அம்மாவுக்கு இரண்டு வயது நிறைந்திருக்கும். அவர் அதற்குப் பிறகுதான் செத்தார். அவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல ஒரு செப்புக்காசுக்கு இத்தனை வருடம் மண்ணுக்குள் கிடக்க வேண்டியிருந்தது.

"எங்கம்மா சொன்னத நானும் சொல்லிக்கினு இருந்துட்டேன் மாப்ள" என்றார் மாமா. அவர் கண் கலங்கியிருந்தது. பெரியம்மாவைப் பற்றி என் வாயில் வண்டி வண்டியாக வந்தது. இறந்து இருபது வருடம் ஆனவளோடு எப்படிச் சண்டை போடுவது? பொய் சொன்னாளோ, சொல்லிச் சொல்லி இடையிலிருந்த வருடங்களைத் தொலைத்தாளோ, அதுவும் தெரியாது. விழுங்கிக்கொண்டேன்.

மாமா அம்மாவின் பக்கம் திரும்பினார். "அக்கா, வெள்ளிக்கிழம நீதான் முன்னாடி நிக்கணும். உங்கையாலதான் மஞ்ச தண்ணி தெளிக்கணும். இல்லனா நான் வாசக்காலே வைக்க மாட்டேன்."

நான் இதற்காகத்தானே ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்? அம்மா அழுவாள், அல்லது சிரிப்பாள், குறைந்தபட்சம் சரி என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மாமாவைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. கதவோரத்தைவிட்டு மெதுவாக வந்து, மேசையில் இருந்த காசைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ எத்தினி வயசுல பேச ஆரம்பிச்ச?" என்று கேட்டாள்.

"எனக்கெப்படிம்மா தெரியும்? ஒன்னேகால் வயசுலன்னு நீதான் சொல்லுவ."

"ஆமா. அப்பான்னுதான் மொதல்ல சொன்ன."

தலையை ஆட்டிக்கொண்டாள். அம்மா யாரையும் அப்பா என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வளர்த்தவரைப் பெரியப்பா என்றாள், மாமனாரை மாமா என்றாள். சாமியாரைக்கூட ஃபாதர் என்றுதான் சொல்வாள்.

"ரெண்டு வயசுன்னா" என்று ஆரம்பித்து நிறுத்தினாள். என் கையைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது.

"அப்ப நானும் அவரக் கூப்ட்டிருப்பேன் இல்ல?"